அத்தியாயம் 7: படத்தைக் காதுக்குச் சொல்வது

சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை சினிமா. பனியன் கம்பெனிகள் பெருகிய நாள்தொட்டுத் திருப்பூருக்கு இது வழக்கம். வாரம் முழுக்க ஓவர்லாக்கிலும் கட்டிங் டேபிளிலும் கிடந்தவர்கள் குடும்பத்தோடு தியேட்டருக்குக் கிளம்புகிறார்கள். அந்தக் குடும்பத்தில் பார்வை இல்லாத ஒருவர் இருந்தால், ஒன்று அவர் வீட்டுக்குக் காவலாக நின்றுவிடுகிறார். இல்லையென்றால் கூடவே போய், பக்கத்து சீட்டில் இருக்கும் தங்கை சொல்வதைக் கேட்டபடி மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். தங்கை நல்ல மனசுக்காரிதான். ஆனால் படம் சூடுபிடிக்கும் இடத்தில் அவளும் வாயடைத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறாள். அரங்கமே சிரித்து ஓய்ந்த பிறகு, "வழுக்கி விழுந்துட்டான்ணா" என்கிறாள். அண்ணன் தனியாகச் சிரிக்க வேண்டியிருக்கிறது.

அந்தத் தனிச் சிரிப்பு இல்லாமல் செய்வதுதான் ஒலி விவரிப்பின் வேலை. வசனமும் முக்கியமான ஓசையும் இல்லாத இடைவெளிகளில், திரையில் நடப்பதை ஒரு குரல் சுருக்கமாகச் சொல்கிறது. தேவைப்படுகிறவர் காதில் மட்டும் அது கேட்கும். மற்றவர்களுக்குப் படம் வழக்கம்போல ஓடும். இந்த வேலைக்கு அளவுகோல் ஒன்றே ஒன்று: பார்ப்பவருக்குத் தெரியவரும் அதே நொடியில் கேட்பவருக்கும் தெரிய வேண்டும். முந்திக்கொண்டால் கதை உடையும். பிந்தினால் அவர் தனியாகிவிடுவார். இனி வரும் குறிப்புகள் எல்லாம் இந்த ஒன்றை எப்படிச் சாதிப்பது என்பதைப் பற்றித்தான்.

காதால் படம் பார்த்தவர்கள்

தமிழர்களுக்குப் படத்தைக் காதால் கேட்பது புதிதில்லை. ஆல் இந்தியா ரேடியோவின் ஒலிச்சித்திரம் ஒரு முழுப் படத்தின் ஒலியைச் சுருக்கி வீட்டுக்குள் கொண்டுவந்தது. கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் 1965-இல் வந்த 'திருவிளையாடல்' வசனம் வரிக்கு வரி ஓடியது. 1984-இல் வந்த 'விதி'யின் வசன கேசட்டைத் தெருத்தெருவாகக் கேட்டார்கள். நீதிமன்றத்தில் நடக்கும் வாதம் என்பதால், கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் கதை கைநழுவாது. இப்போது 1987-இல் கமல்ஹாசன் நடித்த 'பேசும் படம்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். படம் முழுக்க வசனமே கிடையாது. பார்வை இல்லாதவருக்கு இசையும் கதவுச் சத்தமும் மட்டுமே மிஞ்சும். இன்றைய படங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன. ஆனால் வருடா வருடம் 'பேசும் படம்' பக்கமாகத்தான் நகர்கின்றன. வசனம் குறைந்து, முகமும் மௌனமும் போன் திரையில் வரும் குறுஞ்செய்தியும் கதை சொல்கின்றன. ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்த தலைமுறை பழைய படங்களைப் பின்தொடர்ந்தது போல, இன்றைய இளைஞர் ஒருவர் புதிய படத்தைக் காதால் மட்டும் பின்தொடர முடியாது.

முறையான சேவையாக ஒலி விவரிப்பு அமெரிக்காவில் தொடங்கியது. பார்வை இழந்த மார்கரெட் ஃபான்ஸ்டீலும் அவருடைய குழுவும் 1981-இல் வாஷிங்டனின் அரீனா ஸ்டேஜ் அரங்கில் நாடகங்களுக்கு நேரடியாக விவரிப்புக் கொடுத்தார்கள். அதிலிருந்து தொலைக்காட்சிக்கும் திரையரங்குக்கும் பரவியது. 2015-இல் நெட்ஃபிளிக்ஸ் 'டேர்டெவில்' தொடருக்கு இதைச் சேர்த்தது. அதன் நாயகனே பார்வையற்றவர் என்பதால், முதலில் விவரிப்பு இல்லாமல் வெளியிட்டதைப் பலர் தட்டிக் கேட்டிருந்தார்கள். இந்தியாவில் டெல்லியின் சக்ஷம் அறக்கட்டளை ஹிந்திப் படங்களுக்கு இந்த வேலையைச் செய்து காட்டியது. எக்ஸ்எல் சினிமா என்ற செயலி, விவரிப்பைப் போனில் முன்கூட்டியே இறக்கிக்கொண்டு, தியேட்டரில் படத்தின் ஒலியைக் கேட்டு அதனோடு தானாக ஒத்துப்போகும் வழியைக் கொண்டுவந்தது. தமிழில் இதெல்லாம் இன்னும் மிகக் குறைவு. அதனால்தான் உங்களைப் போன்றவர்கள் கையில் இந்த நூலைக் கொடுக்கிறோம்.

சட்டம் உங்கள் பக்கம்

தியேட்டர் மேலாளரிடம் பேசப் போகும்முன் இவற்றைத் தெரிந்துகொண்டு போங்கள். தயவு கேட்கும் தொனி தேவைப்படாது.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, மின்னணு ஊடகத்தில் ஒலி விவரிப்பு, சைகை மொழி, வசன எழுத்து ஆகியவை கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 2023 ஜனவரியில், பார்வை, செவி மாற்றுத்திறனாளிகள் தொடுத்த வழக்கில், 'பதான்' படத்தின் ஓடிடி வெளியீட்டுக்கு ஹிந்தியில் ஒலி விவரிப்பும் வசன எழுத்தும் சேர்க்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் தயாரிப்பாளருக்கு உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு, 2024 மார்ச்சில், மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் திரையரங்குகளுக்கான அணுகல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் தணிக்கைச் சான்று பெறும் படங்களுக்கு 6 மாதமும், மற்றப் படங்களுக்கு 2 ஆண்டும் அவகாசம் என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. பெரிய தமிழ்ப் படங்கள் தெலுங்கிலும் ஹிந்தியிலும் சேர்ந்து வருவதால் முதல் வகையில்தான் விழும். அதே ஆண்டு நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக நிற்கக் கூடாது, கட்டாயமான விதிகள் வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

தமிழ்நாட்டில் தியேட்டர் லைசென்ஸ் மாவட்ட ஆட்சியர் கையில் இருக்கிறது. திருப்பூரில் பல்லடம் ரோட்டிலுள்ள ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் ஒரு நகல் கொடுத்து, இரண்டுக்கும் ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மனுவில் பொதுவாகப் புலம்ப வேண்டாம். இன்ன தியேட்டர், இன்ன படம், இன்ன தேதி, ஒலி விவரிப்புக்கு வசதி இல்லை என்று ஒரு பக்கத்தில் முடியுங்கள்.

பதிப்புரிமை பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். 2012 திருத்தத்தில் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 52(1)(இசட்பி) பிரிவு, மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் வடிவத்துக்கு ஒரு படைப்பை மாற்றித் தருவதை, லாபநோக்கம் இல்லாமல் செய்தால், அனுமதிக்கிறது. ஆனால் தியேட்டருக்குள் படத்தை ஒலியாகவோ ஒளியாகவோ பதிவு செய்வது முற்றிலும் வேறு விஷயம். 2023-இல் திருத்தப்பட்ட சினிமாட்டோகிராஃப் சட்டத்தின்படி அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஒத்திகைக்குக்கூடப் போனைத் திரைக்கு நேரே தூக்கிப் பிடிக்காதீர்கள்.

ஒன்பது நொடியில் எழுதுவது

இதுதான் இந்த அத்தியாயத்தின் உயிர். நிதானமாகப் படியுங்கள்.

முதலில் உங்கள் குரலை அளந்துகொள்ளுங்கள். போனில் பத்து நொடி வைத்து, தெளிவாக, அவசரமில்லாமல் ஒரு பத்தியை வாசியுங்கள். பெரும்பாலானவர்களுக்குப் பதினைந்து சொல்லுக்கு மேல் சில சொற்கள் வரலாம், அவ்வளவுதான். தமிழ்ச் சொல் ஒவ்வொன்றும் வேற்றுமையும் காலமும் பாலும் சுமந்துகொண்டு நீளமாக வருவதால், ஆங்கில விவரிப்பாளர்கள் சொல்லும் சொல் கணக்கு நமக்குப் பொருந்தாது.

இனி ஒரு காட்சி. பயிற்சிக்காக நாமே எழுதிக்கொண்டது. பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட். ஓவர்லாக் மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. சத்தம் நிற்கிறது. செல்வி மடியிலிருந்து போனை எடுக்கிறாள். போனில் ஊரில் இருக்கும் மகனின் படம். அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவுக்கு வெளியே சூப்பர்வைசர் வந்து நிற்கிறார். அவள் கவனிக்கவில்லை. பிறகு அவர் குரல்: "செல்வி, பீஸ் எங்க?" மிஷின் நிற்பதிலிருந்து அந்தக் குரல் வரும்வரை ஒன்பது நொடி.

புதிதாக எழுதுகிறவர்கள் அநேகமாக இப்படி எழுதுவார்கள்: "இரவு நேரம். டியூப்லைட் வெளிச்சத்தில் பெரிய தையல் கூடம். பச்சைச் சேலை கட்டிய செல்வி களைத்த முகத்தோடு மிஷினை நிறுத்துகிறாள். ஊரில் விட்டுவந்த மகனை நினைத்து அவள் மனம் ஏங்குகிறது. பயத்தோடு போனை எடுக்கிறாள்."

படிக்க நன்றாக இருக்கிறது. விவரிப்பாக உதவாது. ஒன்பது நொடிக்குள் அடங்காமல் சூப்பர்வைசரின் குரல் மேலேயே ஏறி விழும். மிஷின் நின்றது காதுக்கே தெரியும், அதைச் சொல்லி நேரத்தை வீணாக்கியிருக்கிறது. மனம் ஏங்குவது திரையில் இல்லை. அது பார்ப்பவர் முடிவு செய்துகொள்வது. அந்த முடிவைக் கேட்பவரிடமிருந்து பறித்துவிட்டோம். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, காட்சியின் முள்ளான சூப்பர்வைசர் இதில் வரவே இல்லை. அவருடைய குரல் எங்கிருந்தோ திடீரென்று வரும். பார்ப்பவருக்கு அந்த மூன்று நொடிப் பதைப்பு கிடைத்தது, கேட்பவருக்குக் கிடைக்கவில்லை.

திருத்தி எழுதினால்: "செல்வி மடியிலிருந்து போனை எடுக்கிறாள். திரையில் மகன் படம். பின்னால், கண்ணாடிக் கதவுக்கு வெளியே சூப்பர்வைசர்."

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 'திரையில்' என்றால் போன் திரையா, சினிமாத் திரையா? கேட்பவர் ஒரு கணம் தடுமாறுவார். அந்த ஒரு கணத்தில் அடுத்த வாக்கியம் தவறிப்போகும். ஆகவே "போனில் மகன் படம்." பன்னிரண்டு சொல்லுக்குள் முடிந்தது. மூச்சு விட இடமும் இருக்கிறது.

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். 'சூப்பர்வைசர் நிற்கிறார்' என்று முடிக்கவில்லை. வினையை விட்டுவிட்டு அந்தப் பெயரிலேயே நிறுத்தினோம். கேமரா செல்வியிடமிருந்து மெல்லப் பின்வாங்கிக் கடைசியில்தான் அவரைக் காட்டுகிறது. அதே வரிசையில் சொன்னால், அவர் பெயர் காதில் விழுந்த கையோடு அவர் குரலும் வரும். தமிழில் வாக்கியத்தை எங்கே வேண்டுமானாலும் இப்படித் திருப்பிப் போடலாம். தயங்காமல் பயன்படுத்துங்கள்.

மகன் என்று இந்த இடத்தில் சொல்லலாமா? படத்தில் அதற்கு முன்பே அந்தப் பையனைக் காட்டியிருந்தால் சொல்லலாம். காட்டவில்லையென்றால் 'ஒரு சிறுவன் படம்' மட்டும்தான். செல்வி என்ற பெயரும் அப்படியே. படம் பெயரைச் சொல்லும்வரை அவள் 'பச்சைச் சேலைப் பெண்'. இரட்டை வேடம், ஆள்மாறாட்டம் வரும் படங்களில் இதில் சறுக்கினால் இடைவேளைத் திருப்பம் முதல் ரீலிலேயே போய்விடும்.

எதைச் சொல்வது, எதை விடுவது

எங்கள் பயிற்சியில் கேட்பவராக வந்த ஒரு அக்கா, பல வருடம் செக்கிங்கில் இருந்தவர். விழித்திரை நோயால் பார்வை மங்கி, இப்போது வெளிச்சம் மட்டும் தெரிகிறது. தையல் கூடக் காட்சிக்கு நாங்கள் 'மிஷின்கள் ஓடுகின்றன' என்று சொன்னதும் நிறுத்தச் சொன்னார். "ஓவர்லாக்கு ஓடுதுன்னு எனக்கே தெரியுதுங்க கண்ணு. அந்தாண்ட பிளாட்லாக்கு ஒண்ணு ஓடுது, அதுவும் தெரியுது. தைக்கிறது யாருன்னு மட்டும் சொல்லுங்க, போதும்." இந்த ஊர்க்காரருக்கு அந்தச் சத்தம் முழுத் தகவல். இதே படத்தைத் தஞ்சாவூரில் போட்டால் ஒரு சொல் சேர்க்க வேண்டியிருக்கலாம். யாருக்குச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து விவரிப்பு மாறும்.

நிறத்தை விடாதீர்கள். பார்வை இல்லாதவருக்கு நிறம் எதற்கு என்று கேட்கிறவர்கள், பார்வை இழந்தவர்களில் பலர் வாழ்க்கையின் ஒரு பகுதியைப் பார்த்தே கழித்தவர்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களும் நிறங்கள் பேசப்படும் உலகத்தில்தான் வாழ்கிறார்கள். சாயப்பட்டறையில் ஷேடு பார்த்துப் பழகிய ஒருவரிடம் 'நாயகன் நீலச் சட்டை' என்று சொன்னபோது, "எந்த நீலமுங்க, நேவியா ராயலா?" என்று திருப்பிக் கேட்டார். நேரம் இருந்தால் நேவி என்றே சொல்லுங்கள்.

முகபாவத்தில் ஒரு வழக்கு உண்டு. 'கோபமாக' என்று சொல்லாதே, 'பல்லைக் கடிக்கிறார்' என்று கண்டதை மட்டும் சொல் என்பது பல கையேடுகளின் விதி. பெரும்பாலும் சரிதான். ஆனால் ஒரு நொடிதான் இருக்கிறது, முகம் முழுக்கக் கோபம் என்றால், 'கோபமாக' என்ற ஒரு சொல்லைப் போட்டுவிட்டு நகர்வதே நியாயம். விதிக்காகக் கேட்பவரைக் குழப்புவதை நான் ஏற்பதில்லை.

அவன், அவர் என்ற தேர்வைத் தள்ளிப்போட முடியாது. தமிழில் வாயைத் திறந்தாலே மரியாதையும் சேர்ந்து வருகிறது. வில்லனை 'அவன்' என்றும் நாயகனை 'அவர்' என்றும் சொல்லத் தொடங்கினால் நாம் பக்கம் சாய்ந்துவிட்டோம் என்று அர்த்தம். வயதையும் படத்தில் மற்றவர்கள் அழைக்கும் விதத்தையும் பார்த்து முதலிலேயே முடிவெடுங்கள். ஸ்கிரிப்டின் முதல் பக்கத்தில் பாத்திரப் பட்டியலுக்கு எதிரில் குறித்து வைத்து, கடைசிவரை மாற்றாமல் இருங்கள்.

பாட்டு வந்தால் பல்லவியைத் தொடாதீர்கள். இடையிசையில் இரண்டு வாக்கியம் சொன்னால் போதும். சண்டையில் ஒவ்வொரு குத்தையும் சொல்ல முயன்றால் மூச்சு முட்டும். யார் கை ஓங்குகிறது, ஆயுதம் கை மாறுகிறதா, யார் விழுந்தது, இவை முக்கியம். எழுத்தில் வருவதெல்லாம் வாசிக்கப்பட வேண்டும்: கடிதம், போன் மெசேஜ், கடைப் பலகை, 'ஐந்து வருடங்களுக்குப் பிறகு'. கடினமானது உடல்மொழி நகைச்சுவை. அரங்கம் சிரிப்பதற்கு அரை நொடி முன்னால் சொல் முடிந்திருக்க வேண்டும். அந்த இடங்களைத் தனியாகக் குறித்துக்கொண்டு, மீண்டும் மீண்டும் வாய்விட்டுப் பழகுங்கள்.

தமிழ் வானொலியில் கிரிக்கெட் வர்ணனை செய்த சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் பதிவு கிடைத்தால் கேட்டுப் பாருங்கள். பந்து போகும் திசையை மட்டையில் படும் ஓசையோடு சேர்த்துச் சொல்வதற்கு எவ்வளவு சுருக்கமான வாக்கியம் வேண்டும் என்பது புரியும். குரலில் உயிர் இருக்கட்டும், நடிப்பு வேண்டாம். பாத்திரங்களின் குரலோடு கலந்துவிடாமல் இருக்க, பெண்கள் அதிகம் பேசும் படத்துக்கு ஆண் குரலும், ஆண்கள் அதிகம் பேசும் படத்துக்குப் பெண் குரலும் உதவும். செய்தி வாசிப்புத் தமிழ் நீண்ட நேரத்துக்குக் களைப்புத் தரும். எளிய எழுத்துத் தமிழில், 'எடுக்கிறாள், திரும்புகிறார்' என்று நிகழ்காலத்தில் சொல்வது நன்றாக உட்காருகிறது.

தியேட்டரில் நடத்துவது

டிஜிட்டல் சினிமாப் பிரதியில் பார்வையற்றோருக்கான விவரிப்புக்கென்றே தனி ஒலித்தடம் வைத்திருக்கிறார்கள். வழக்கமான வரிசையில் அது எட்டாவது தடம். தயாரிப்பாளர் அதை நிரப்பி அனுப்பி, தியேட்டரில் வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டரும் ஹெட்ஃபோனும் இருந்தால் வேலை முடிந்தது. நீங்கள் போகும் தியேட்டரில் முதல் கேள்வியாக இதையே கேளுங்கள். பிரதியில் தடம் வந்திருந்தும் யாரும் கேட்கவில்லை என்பதால் திறக்காமல் இருக்க வாய்ப்புண்டு.

தடம் இல்லையென்றால் நேரடி விவரிப்பு. சிறு குழுவுக்கு ஒரு கான்ஃபரன்ஸ் கால் போதும். விவரிப்பவர் ஆபரேட்டர் ரூமில் உட்கார்ந்து, புரொஜெக்டர் கண்ணாடி வழியாகத் திரையைப் பார்த்துப் பேசுவார். அங்கே மானிட்டர் ஸ்பீக்கர் இருந்தால் படத்தின் ஒலியும் கேட்கும். அரங்கில் உட்கார்ந்து கிசுகிசுப்பதைவிட இது எவ்வளவோ மேல், பக்கத்து சீட்டுக்காரரின் முறைப்பும் இல்லை. கேட்பவர்கள் எல்லோரும் தங்கள் மைக்கை அணைத்து வைக்க வேண்டும். ஒயர் இயர்ஃபோன் நல்லது, ப்ளூடூத்தில் குரல் கொஞ்சம் தாமதமாக வரும். ஒரே காதில் மட்டும் மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். மற்றக் காது அரங்கத்துக்கு வேண்டும். போன் திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் பயன்படுத்துகிறவர்கள் வாட்ஸ்அப் அறிவிப்புகளை நிறுத்திவிட்டு உட்கார வேண்டும், இல்லாவிட்டால் கதாநாயகி அழும் நேரத்தில் யாரோ அனுப்பிய குட்மார்னிங் காதில் ஒலிக்கும்.

குறைபார்வை உள்ளவர்களைத் தனியாகக் கேளுங்கள். சிலர் முன்வரிசையில் ஒரு பக்கமாக உட்கார்ந்தால் பெரிய அசைவுகளைப் பார்த்துக்கொள்வார்கள், எழுத்தும் முகமும் மட்டும் சொன்னால் போதும் என்பார்கள். எல்லோரையும் ஒரே வரிசையில் கூட்டிவைப்பது நிர்வாகத்துக்கு வசதி, அவர்களுக்கு வசதியில்லை. குடும்பத்தோடு வந்தவர் குடும்பத்தோடுதான் உட்கார வேண்டும்.

நாள் விஷயத்தில் உறுதியாக இருங்கள். தியேட்டர்க்காரர்கள் கூட்டமில்லாத செவ்வாய் காலைக் காட்சியைத் தருவதாகச் சொல்வார்கள். செவ்வாய்க்கிழமை யார் வருவார்கள்? பேக்கிங்கிலும் பிசிர் வெட்டுவதிலும் இருக்கும் நம் ஆட்களுக்கும் அவர்களைக் கூட்டி வருகிறவர்களுக்கும் ஞாயிறுதான் ஓய்வு. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் படம் பார்க்க வா என்று அழைக்கக் கூடாது. ஞாயிறு காலைக் காட்சி கேளுங்கள். வெள்ளிக்கிழமை வெளியான படத்தை அன்றே இரண்டு முறை பார்த்துவிட்டு அந்த ஞாயிறே செய்யலாம் என்று துடிப்பவர்கள் உண்டு. அடுத்த ஞாயிறு வரை பொறுப்பதே நல்லது. வசன இடைவெளிகளைக் குறிக்க ஒரு முறை, எழுதியதைச் சரிபார்க்க ஒரு முறை, ஆபரேட்டர் ரூமில் ஒத்திகைக்கு ஒரு முறை என்று மூன்று தடவையாவது படத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அவிநாசித் தேர்

சினிமாவோடு நிற்க வேண்டியதில்லை. சித்திரையில் அவிநாசியில் தேர் ஓடும்போது இந்தப் பக்கமே அங்கே திரள்கிறது. தமிழ்நாட்டின் பெரிய தேர்களில் ஒன்று அது. பார்வை இல்லாத ஒருவருக்குக் கிடைப்பது கூட்ட நெரிசலும் மேளமும் கோஷமும் மட்டும்.

இங்கே முதல் பாதி வேலை கையால் நடக்க வேண்டும். தேர் ஓடுவதற்கு முன், நிலையில் நிற்கும்போதே, கோயில் நிர்வாகத்திடம் சொல்லிவைத்து அவர்களை அழைத்துப் போங்கள். சக்கரத்தின் விளிம்பைத் தொடட்டும், எழுந்து நின்று மேல் விளிம்பு எங்கே முடிகிறது என்று கை நீட்டிப் பார்க்கட்டும். வடத்தை ஒரு கையால் பற்ற முடியாது என்பதைக் கையே சொல்லும். முட்டுக்கட்டையையும், பின்னாலிருந்து சக்கரத்தை நெம்பும் சன்னையையும் தூக்கிப் பார்க்க விடுங்கள். அடித்தட்டின் மரச் சிற்பங்களில் எட்டுகிறவற்றைத் தடவிப் பார்க்க நேரம் கொடுங்கள். சுந்தரர் பாடி முதலை வாயிலிருந்து பிள்ளையை மீட்ட தலம் இது. அந்தக் கதையையும் அப்போதே, நிழலில் உட்கார்ந்து சொல்லி முடித்துவிட வேண்டும். தேர் நகரத் தொடங்கியபின் கதை சொல்ல நேரமிருக்காது.

தேரோட்டத்தன்று நீங்கள் சொல்ல வேண்டியவை மிகக் கொஞ்சம். வடம் தரையிலிருந்து எழும்பி இறுகுகிறது. சன்னை போடுகிறார்கள். முதல் அசைவு. உச்சியில் கலசம் இடதுபக்கம் சாய்ந்து நிமிர்கிறது. திருப்பத்தில் முட்டுக்கட்டை போடுகிறவர் சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் குனிந்திருக்கிறார். முன்பே தொட்டுப் பார்த்தவருக்கு அந்த ஒரு சாண் என்பது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. வடம் பிடிக்க விரும்புகிறவரைத் தடுக்காதீர்கள். கூட்டம் பின்னால் தள்ளாத இடமாகப் பார்த்து, இரண்டு பக்கமும் ஆள் நின்று பிடிக்கச் செய்யுங்கள். தேர் நிற்கப் போவதை அவருக்கு முதலில் சொல்லுங்கள்.

சரிபார்ப்பும் கூலியும்

2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களாகப் பதிவானவர்கள் சுமார் 50 லட்சம் பேர். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 1 லட்சத்து 27 ஆயிரம். எழுதிய ஸ்கிரிப்டைப் பார்வை உள்ள நாமே நமக்குள் வாசித்துத் தலையாட்டிக்கொண்டால், இவர்களில் ஒருவருக்கும் அது பயன்படுமா என்பது தெரியவே தெரியாது. செக்கிங் ஆகாமல் எந்தப் பீஸும் பேக்கிங்குக்குப் போவதில்லை. பார்வை இல்லாத ஒருவர் கேட்டுத் திருத்தாமல் எந்த ஸ்கிரிப்டும் தியேட்டருக்குப் போகக் கூடாது. அவரைப் படத்தின் ஒலியோடு உட்காரவைத்து, நீங்கள் வாசித்துக்கொண்டே போங்கள். அவர் நிறுத்துகிற இடத்தில் விளக்கம் சொல்லாதீர்கள். குறித்துக்கொண்டு திருத்துங்கள். விளக்கம் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தால் அந்த வரி தோற்றுவிட்டது.

இது வேலை. அரை நாள் உட்காருகிறார் என்றால் அரை நாள் கூலி கொடுக்க வேண்டும். ஷிப்ட் கணக்கு எல்லோருக்கும் தெரிந்த ஊர் இது. டிக்கெட்டும் டீயும் கொடுத்துவிட்டுக் கைகூப்பி அனுப்புவது அவருடைய உழைப்பை இல்லாததாக்குவது. நிதி திரட்டும்போதே இந்தத் தொகையை முதல் வரியில் எழுதுங்கள். பனியன் கம்பெனி முதலாளிகளிடம் நன்கொடை கேட்கும்போதும் கணக்கில் அது தெளிவாகத் தெரியட்டும்.

காட்சி முடிந்ததும் 'நல்லா இருந்துதுங்களா?' என்று கேட்டால், 'ரொம்ப நல்லா இருந்துதுங்க' என்றுதான் பதில் வரும். கொங்கு நாட்டில் முகத்துக்கு நேரே குறை சொல்ல யாருக்கும் மனசு வராது. குறிப்பாகக் கேளுங்கள். எந்த இடத்தில் எல்லோரும் சிரித்தும் உங்களுக்குக் காரணம் புரியவில்லை? எந்த இடத்தில் என் குரல் வசனத்தை மறைத்தது? யார் பேசுவது என்று குழம்பியது எங்கே? பதில்களை ஸ்கிரிப்டில் அந்தந்த நிமிடத்துக்கு நேராகவே எழுதிவைத்து, கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ இதே படத்தைச் செய்யப்போகிற குழுவுக்கு அப்படியே அனுப்பிவிடுங்கள். ஞாயிறு இரவே அனுப்பினால் அவர்களுக்குத் திருத்திக்கொள்ள ஒரு வாரம் கிடைக்கும்.